சிவக்காத கண்கள்

உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை தரையில் மல்லாந்து படுத்திருந்தார். ஜன்னலுக்குக் குறுக்கே என் பழைய நைட்டியைக் கட்டியிருந்தோம். அப்படியும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஆணி ஓட்டை வழியாக ஒரு விரல் அகலத்துக்கு வெயில் விழுந்துகொண்டிருந்தது. அது கன்னத்தில் பட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெச்சிவுடுமே சீக்கிரம். தல பொளக்குது."

இரண்டு இமைகளின் மேலும் இரண்டு வில்லை வைத்தேன். தண்ணீர் காதோரமாக வழிந்தது. துடைக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

பக்கத்து அறை மும்தாஜ் வாசலில் வந்து நின்றாள். கையில் அவள் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை. முந்தானையால் மூடிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே ஒரு மடக்கு அளவு தாய்ப்பால், அப்போதுதான் பீய்ச்சியது.

"இந்தாக்கா. கிழங்க எடுத்துட்டு மொதல்ல இத்த ரெண்டு சொட்டு வுடு. எங்க வாப்பாக்கு ஆர்க் அடிச்சா எங்கம்மா இத்தான் செய்யும்."

பஞ்சில் நனைத்து விடுவதற்காக அவர் இமையைப் பிரித்தேன். அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்று எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வெல்டர் வீட்டு வைத்தியம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெல்டர் இல்லாத தெரு கிடையாது. கப்பலில் வந்திறங்கும் கன்டெய்னர்களில் பாதி, பக்கவாட்டில் இடிபட்டோ துருப்பிடித்தோதான் வரும். கிழிந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டுகிற யார்டுகள் வழி நெடுக உண்டு. ஏழுமலை அப்படி ஒரு யார்டில் வேலை செய்தார்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால் சில மணி நேரம் கழித்துக் கண் பழுத்துவிடும். மணலை அள்ளிக் கொட்டியது போல உறுத்தும். தண்ணீராகக் கொட்டும். வெளிச்சம் ஆகாது. இதற்குத்தான் எங்கள் பக்கம் "ஆர்க் அடிச்சிடுச்சு" என்பார்கள். உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், தாய்ப்பால் என்று ஆளுக்கொரு கை வைத்தியம் வைத்திருப்பார்கள். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்க மாட்டோம். எப்படியும் ஒரு நாளில், இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

வெல்டர் வீட்டில் எந்த நோய்க்கும் வெல்டிங்தான் பெயர். இருமினால் புகை. சாப்பிடப் பிடிக்கவில்லையென்றால் பெயின்ட் எரிந்த நாற்றம். தலைவலித்தால் ஆர்க். வாய் கசந்தால் வெல்லம், வயிறு எரிந்தால் வாழைப்பழம். வேறு நோய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே நாங்கள் நினைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். ஏழுமலைக்குக் கண்ணாடி என்றால் பித்து. தகடு நகராமல் இருக்க முதலில் அங்கங்கே ஒரு சின்னப் பொட்டு வைப்பார்கள். அதற்கு டேக் என்று பெயர். கண்ணிமைக்கும் நேரத்து வேலை. அதனால் எவ்வளவு பெரிய வெல்டரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டேக் அடித்துவிடுவார். இவர் மாட்டார். ஒற்றைப் பொட்டுக்கும் கறுப்புக் கண்ணாடி பதித்த ஷீல்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிப்பார். யார்டில் கேலி செய்வார்கள்.

"இன்னா ஏழு, பொண்ணு பாக்கப் போற மாரி மூஞ்ச மூடிக்கினு கீறே?" என்பார் கூட வேலை செய்த கஜேந்திரன்.

"கண்ணு பூட்ச்சின்னா நீயா நைனா சோறு போடுவே?" என்பார் இவர்.

பதினான்கு வாரமாக எழுதாதது

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்தவள் எழுதுகிறாளே என்று பரிவோடு கடிதம் போடுகிறீர்கள். போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். "வெல்டிங் வேலையில் கண்ணை இழந்த உங்கள் கணவருக்கு என் வணக்கம்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வெல்டிங்கில் போனது என்று நான் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. அவராக முடிச்சுப் போட்டுக்கொண்டார். நான் எப்போதும் செய்வதுபோல வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்மண்டபத்து வீட்டைக் காலி செய்த கதையையும் எழுதினேன். ஓனரம்மா மகளுக்குக் கல்யாணம், இடம் போதவில்லை, அதனால் காலி செய்தோம் என்று. பச்சைப் பொய்.

நடந்தது இது. மழையில் ஒழுகியது என்று சாமான்களை நகர்த்தினோம். ஓனரம்மாவும் கூடமாட உதவிக்கு வந்தார். பரணிலிருந்து என் ஆஸ்பத்திரி நோட்டு அவர் காலடியில் விழுந்தது. எடுத்து, தூசி தட்டி, பிரித்துப் பார்த்து, என் கையில் கொடுத்தார். மறுநாள் காலையில் குழாயடியில் வரிசையாக இருந்த குடங்களில் எங்கள் குடம் மட்டும் கேட்டுக்கு வெளியே தெருவில் இருந்தது.

எனக்கும் ஏழுமலைக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்கு ஒரு ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோது தெரிந்தது. பிறகு அவருக்கும் எடுத்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு: அந்தச் சண்டையை நாங்கள் இரண்டு வருடம் போட்டு முடித்துவிட்டோம். புதிதாக யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்படித்தான் கல்மண்டபத்தை விட்டு விம்கோ நகர்ப் பக்கம் வரிசையாக ஆறு அறை உள்ள ஒரு இடத்துக்கு வந்தோம். இங்கே குடம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டோம். அதற்காக எதையும் மறைப்போம் என்பதும் அந்த முடிவில் அடக்கம்.

சத்து மாத்திரை

மாத்திரை ஒழுங்காகப் போட்டால் இந்த நோயோடு எல்லாரையும் போல வாழலாம். நான் வாழ்கிறேன். அரிசி டப்பாவுக்குள் பாட்டில் இருக்கும், தினம் ஒன்று. அவரும் அப்படித்தான் இருந்தார், அந்த ஷட்டவுன் வேலைக்குப் போகிற வரைக்கும்.

பெரிய ஆலைகளை வருடத்துக்கொரு தடவை நிறுத்தி ரிப்பேர் பார்ப்பார்கள். அப்போது ஊர் ஊராக வெல்டர்களை ஏற்றிப் போவார்கள். இவர் போனது வடக்கே எங்கேயோ. ஒரே அறையில் பன்னிரண்டு ஆண்கள். லேபிள் ஒட்டிய பாட்டிலை அங்கே எப்படி எடுத்துப் போவது? மாத்திரைகளைக் காலியான வெல்டிங் ராடு பாக்கெட்டில் கொட்டி எடுத்துப் போனார்.

நான்காவது நாளே ஒருவன் பார்த்துவிட்டானாம். "இன்னா மாத்திர மாமு?"

"சத்து மாத்திர."

"எனுக்கும் ரெண்டு குடேன். ஒடம்பு ஒரே அசதியா கீது."

இதைப் பின்னால் ஒருநாள் அவர் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பான். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லி, அவன் கண்ணெதிரே பாக்கெட்டோடு சாக்கடையில் வீசிவிட்டார். அவ்வளவுதான். மூன்று மாதம் ஒன்றும் போடவில்லை.

திரும்பி வந்த பிறகாவது போயிருக்கலாம். மாத்திரை தருகிற இடத்தில் தேதி தவறினால் கேள்வி கேட்பார்கள். கேள்விக்குப் பயந்து அவர் போகவில்லை. "போட்டியா?" என்று நான் கேட்பேன். "போட்டேன்" என்பார். டப்பாவில் என் பாட்டில் மட்டும்தான் இருந்தது என்பதை நான் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் மும்தாஜ் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பாள். அறைகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

பிறகு ஒருநாள் அவர் கொட்டாவி விட்டபோது நாக்கைப் பார்த்தேன். தயிர் உறைந்தது போல வெள்ளை. மேலண்ணத்திலும் படிந்திருந்தது. சோறு விழுங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

வாயில் வெள்ளை படிந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், அது பூஞ்சை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிட்டதற்கு அடையாளம் என்று எங்களுக்கு மாத்திரை கொடுக்கும் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

"இன்னாய்யா இது, வாயெல்லாம் வெள்ளையா?"

"பெயின்ட்டு எரிஞ்ச பொகமே. வெல்லம் துன்னா பூடும்."

நான் போய் வெல்லம் வாங்கி வந்தேன்.

"ஒண்ணும் இல்லை டாக்டர்"

தலைவலி அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய வெயில். முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது, அப்புறம் நாள் முழுக்க. வெளிச்சம் பார்த்தால் கூசியது. கஜேந்திரன் அவரைத் தன் வண்டியில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"ஒண்ணியும் இல்ல தங்கச்சி. பக்கத்துல அடிச்சவன் ஆர்க் அடிச்சிட்டான். ரெண்டு நாள் படுக்கச் சொல்லு."

ஆர்க்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எவ்வளவு கௌரவமான நோய். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். தெருவே கிழங்கோடும் பாலோடும் ஓடிவரும். ஓடியும் வந்தது.

அன்றைக்கு இமையைப் பிரித்து நான் பார்த்தது இதுதான். கண் சிவக்கவேயில்லை. ஆர்க் அடித்தால் கண் பழுத்த மிளகாய் மாதிரி இருக்கும். இவர் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீரும் வடியவில்லை. "உறுத்துதா?" என்று கேட்டேன். "இல்ல, பின்னாடி நோவுது, கய்த்து வரைக்கும்" என்றார். மும்தாஜ் பாலாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். நான் இரண்டு சொட்டு விட்டுவிட்டு இமையை மூடினேன்.

இப்படியே ஐந்தாறு நாள் போனது. தினமும் மும்தாஜ் பால் கொண்டுவந்தாள். தன் குழந்தைக்குப் போக மீதியைத்தான் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. சில நாள் குழந்தை அழ அழக் கொடுத்தாள்.

பிறகு அவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். மும்தாஜ்தான் கிளம்பச் சொன்னாள். தண்டையார்பேட்டையில் ஒரு கண் கிளினிக். ஆட்டோவில் அவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு என் மடியில் சாய்ந்திருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மும்தாஜும் வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பையன். விளக்கை அடித்ததும் இவர் கத்திவிட்டார். முழுதாகப் பார்க்கவே விடவில்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணு மேல ஆர்க் பட்ட மாதிரி தெரியலைங்களே. தலைவலி எத்தனை நாளா? சுகர் இருக்கா? பி.பி.? டி.பி.? வேற ஏதாவது நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுறாரா?"

நான்கு பேர் இருந்தோம் அந்த அறையில், குழந்தையைச் சேர்க்காமல். டாக்டர், துண்டுக்குள் இவர், நான், என் தோளில் ஆதரவாகக் கை வைத்துக்கொண்டு மும்தாஜ். அந்தக் கையின் சூடு இப்போதும் என் தோளில் இருக்கிறது.

"ஒண்ணும் இல்லை டாக்டர். ஒரு நோய் நொடி இல்லாத மனுஷன்" என்றேன்.

"வெளிய கொஞ்சம் இரும்மா மும்தாஜ்" என்று சொல்லியிருக்கலாம். நான்கே வார்த்தை. கல்மண்டபத்தில் தெருவில் கிடந்த குடம் என் கண் முன்னால் வந்து நின்றது. வாய் வரவில்லை.

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை, கறுப்புக் கண்ணாடி. மூன்று நாளில் சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வலி மாத்திரையில் கொஞ்சம் தூங்கினார். தூங்குகிறாரே என்று மூன்று நாளைப் பத்து நாளாக்கினேன்.

பதினோராவது நாள் காலை. "இன்னாமே, ரெண்டு பேரு நிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கதவென்று நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டு விழுந்தார்.

கறுப்பு உறை போட்ட பாட்டில்

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். இருக்கிற எல்லாவற்றையும், ஷட்டவுன், சாக்கடை, வெல்லம் உட்படக் கொட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். சொட்டுச் சொட்டாக வர வேண்டியது பீய்ச்சிக்கொண்டு வந்ததாம். மண்டைக்குள் அவ்வளவு அழுத்தம். அந்த நீரில் கறுப்பு மையைக் கலந்து கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். டாக்டரம்மா தன் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். முழுக் கறுப்பு. நடுவில் பளீரென்று வட்ட வட்டமாக வெளிச்சம். ஏழுமலையின் ஷீல்டு வழியாக ஒருமுறை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். தீப்பொறி அப்படித்தான் தெரியும்.

"இது பூஞ்சைம்மா. மண்ணுல, காத்துல, புறா எச்சத்துல எல்லாம் இருக்கும். நானும் நீங்களும் தினம் மூச்சுல இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். உடம்புல எதிர்ப்பு சக்தி இருந்தா ஒண்ணும் பண்ணாது. இவருக்கு அது தீர்ந்துபோச்சு. நுரையீரல் வழியா மூளைக்குப் போயிருக்கு."

"வாயில இருக்கிற வெள்ளையும் இதானா?"

"அதுவும் பூஞ்சைதான். இது இல்ல, வேற வகை. ஆனா அது வந்தப்பவே நீங்க வந்திருக்கணும்."

ரொட்டியில் பூக்கும், ஊறுகாயில் பூக்கும், மழைக்காலத்தில் செருப்பில் பூக்கும். துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அதே பூசணம் ஒரு மனிதனின் மூளையில் பூக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு என்னை மன்னித்துவிடுவேன். தெரிந்ததை மறைத்ததற்குத்தான் முடியவில்லை.

மருந்து நரம்பில் ஏற்றினார்கள். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து கெட்டுவிடுமாம், பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டிருந்தார்கள். கீழே படுத்திருந்தவர் கண்ணுக்கும் கறுப்புத் துணி. மருந்து ஏற ஏற அவருக்கு நடுக்கம் வரும். கட்டில் கடகடவென்று ஆடும். மே மாத வெயிலில் மூன்று போர்வை போட்டு அதன் மேல் நான் சாய்ந்து அழுத்திக்கொள்வேன். இரண்டு வாரம் இப்படி. இடையிடையே முதுகில் ஊசி குத்தி நீரை வடித்தார்கள்.

தலைவலி போனது. உயிர் தங்கியது. கறுப்புத் துணியை எடுத்த அன்று, "துணிய எடுக்கலியாமே இன்னும்?" என்று கேட்டார்.

மண்டைக்குள் இருந்த அழுத்தத்தில் கண் நரம்பு நசுங்கிவிட்டது. நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். பத்து நாள் முன்னால் வந்திருந்தால்?

"கண்ணு தப்பிச்சிருக்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. தப்பிச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

பாலாடை

மும்தாஜ் வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையைப் படித்தாள். பத்தாவது பாஸ் செய்தவள். கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பாலாடையிலதானக்கா எம்புள்ளைக்கும் மருந்து குடுத்துகினு இருந்தேன்" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அப்படியெல்லாம் ஒட்டாது, பஞ்சில் ஒட்டாது, பாலாடையில் ஒட்டாது என்று எனக்குப் பாடமாகத் தெரியும். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன், அவரும் சொன்னார். மும்தாஜ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் குழந்தையைத் தூக்கிப் போய் ரத்தம் சோதித்தாள். ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த ரிசல்ட் வரும்வரை அவள் பட்ட பாட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? முன்னாலேயே சொல்லியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்திருப்பாள். இல்லை, கொடுக்காமல் இருந்திருப்பாள். அதைத் தீர்மானிக்க அவளை நான் விடவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது அவள் அறை பூட்டியிருந்தது. அம்மா வீட்டுப் பக்கமாகவே குடி போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் எதிர்பார்த்தபடி எங்கள் குடம் தெருவில் கிடக்கவில்லை. ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த கிளினிக்கில் பொய் சொன்னேனோ, அவள்தான் இன்றுவரை அந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள். நினைக்கும்போதெல்லாம் அவள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எந்த நியாயமும் இல்லாத கோபம்.

காலைக் கூட்டம்

ஆகவே பொய் நிலைத்தது. ஏழுமலைக்கு ஆர்க் அடித்துக் கண் போனது என்று ஊரே பேசியது. யார்டிலிருந்து வந்து பார்த்தார்கள். பழம் வாங்கி வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆமாம் போட்டோம்.

கொஞ்ச மாதம் கழித்துக் கஜேந்திரன் வந்திருந்தபோது டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"இப்பல்லாம் டெய்லி காலைல கூட்டத்துல உன் பேருதான் ஏழு. சேஃப்டி ஆபீசர் இன்னா சொல்றாரு தெரியுமா? கிளாஸ் போடாம சொம்மா டேக் அடிச்சிகினு இருந்தா ஏழுமல கெதிதான் உங்களுக்கும்னு. ஒரு போட்டோ கூட ஒட்டி வெச்சிகீறாங்க. பசங்க பயந்து கிளாஸ் போட்றானுங்க. நல்லதுதான நைனா?"

ஏழுமலையின் கையில் டீ டம்ளர் இருந்தது. குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"நல்லதுதான்" என்றார்.

கஜேந்திரன் போன பிறகு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் கேட்டு வாங்கிப் போட்டார். இப்போதெல்லாம் ஒருநாள் தவறுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருமுறை என்னைக் கேட்டார், அந்தக் கண் டாக்டர் என்ன சொன்னார் என்று. கிளினிக்கு, ஆட்டோ, எதுவுமே தனக்கு ஞாபகமில்லை என்றார். "ஒண்ணும் கேக்கல, மருந்து எய்திக் குடுத்தாரு" என்றேன். ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வாசிப்பு

ஒவ்வொரு வாரமும் எழுதி முடித்ததும் வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குப் படித்துக் காட்டுவேன். படித்த பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவது. அவரால் படிக்க முடியாது. நான் எதைப் படிக்கிறேனோ அதுதான் அவருக்குத் தெரியும். எதை விட்டேன் என்று தெரிய வழியில்லை. கிளினிக் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். பொய் சொல்வதற்கு இதைவிட வசதியான ஆள் ஒருத்திக்குக் கிடைக்க மாட்டான்.

"கதவச் சாத்திட்டுப் படி" என்றார், தலைப்பைக் கேட்டதுமே.

சாத்தினேன். படித்தேன். எதையும் விடவில்லை. "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்ற இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். சுவரில் சாய்ந்து லுங்கி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு டிரெய்லர் லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எனுக்குத் தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"நீ இல்லன்னு சொன்னது. நான் அங்கதான குந்திகினு இருந்தேன். கண்ணுதான தெரில, காது நல்லாத்தான கேட்டுச்சு."

"ஞாபகமே இல்லன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாம் தெரிந்து, நான் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்போ ஏன்யா அன்னிக்கே நீ வாயத் தொறக்கல?"

"எப்டித் தொறப்பேன்? அந்த டாக்டரு கேக்கசொல்ல எனுக்கு உசுரே இல்லமே. எங்க நீ சொல்லிடப் போறியோன்னு. நீ இல்லன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு." லுங்கி நுனியை விட்டார். "எனுக்கும் வாய் இருந்துச்சுல்ல. அத்தயும் எய்திக்கோ."

தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அனுப்பட்டா?" என்று கேட்டேன்.

"யார்டுல படிப்பானுங்களா?"

"கஜா அண்ணன் வாராவாரம் படிக்கிறாரு. படிச்சிட்டு எல்லாருக்கும் சொல்வாரு."

"அப்பால வூட்டுக்கு வரமாட்டானுங்க."

"வரமாட்டாங்க."

அவர் எழுந்து, கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தானே திறந்துவிட்டு, நிலையில் சாய்ந்து நின்றார். வெயில் முகத்தில் நேராக அடித்தது. இப்போது அது கூசுவதில்லை.

"அனுப்பு. ஆனா கடசில ஒண்ணு சேத்துக்கோ. எய்து, நான் சொல்றேன். இனிஷியலோட எய்து."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

பெ. ஏழுமலை, வெல்டர், இருபது வருட சர்வீஸில் கண்ணாடி இல்லாமல் ஒரு டேக் கூட அடித்ததில்லை.